பலாப் பிஞ்செல்லாம் கறுத்து உதிர்கிறது, மரத்தை வெட்டிவிடலாமா?

மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 18 ஜனவரி 2024:

"கொல்லையில் ஒரு பலா மரம். கொட்டை போட்டு முளைத்தது, வயது எட்டு. போன வருடமும் இந்த வருடமும் மார்கழியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு பிடித்தது. சில நாளில் கறுத்து, மேலே பஞ்சு படர்ந்ததுபோல் ஆகி, உதிர்ந்துவிடுகிறது. ஒன்றுகூட நிற்கவில்லை. பலா பண்ருட்டி மண்ணுக்குத்தான், மதுரைப் பக்கம் காய்க்காது என்கிறார்கள். ஆண் மரம் என்றும் சொல்கிறார்கள். வெட்டிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்பது அப்பாவின் முடிவு. தென்னங்கன்றும் வாங்கி வந்துவிட்டார்."

18 ஜனவரி 2024, இரவு

வெட்டாதீர்கள். உதிர்வது பிஞ்சே இல்லை. விவரம் காலையில் எழுதுகிறேன். மரம் வெட்ட வருகிறவருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், அது போனாலும் போகட்டும், அவரை வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

19 ஜனவரி 2024

பலாவில் ஆண் மரம், பெண் மரம் என்று கிடையாது. பனையில் உண்டு, பப்பாளியில் உண்டு. நம் ஊரில் எல்லோரும் பனையையும் பப்பாளியையும் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், காய்க்காத பலாவைப் பார்த்ததும் அதே பெயரை வைத்துவிடுகிறார்கள். பலாவில் ஒரே மரத்தில்தான் ஆண்பூவும் பெண்பூவும் வரும், ஆனால் தனித்தனியாக வரும். இரண்டுமே பார்க்கப் பிஞ்சு போலவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

நீங்கள் பிஞ்சு என்று சொல்வது ஆண்பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாக ஒட்டி நிற்கும். முதலில் பச்சையாக, வழவழப்பாக இருக்கும். பிறகு மேலே மஞ்சள் பொடி தெரியும். அதுதான் மகரந்தம். பக்கத்தில் போய் முகர்ந்தால் இலேசான இனிப்பு வாசனை வரும். பொடி உதிர்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பூசணம் பிடித்துக் கறுத்துக் கீழே விழும். விழத்தான் வேண்டும். எந்த ஊரில், எந்த மண்ணில் நின்றாலும் அது விழும். பண்ருட்டியிலும் இப்படித்தான் விழுகிறது.

இளமரம் காய்ப்புக்கு வரும்போது முதல் ஓரிரண்டு பருவம் வெறும் ஆண்பூவாகவே தள்ளுவது சாதாரணம். கொட்டையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்க எட்டு வருடம் ஆகும் என்பதுதான் பொதுக்கணக்கு. ஒட்டுக்கன்று என்றால் ஐந்து. உங்கள் மரத்துக்கு இப்போதுதான் எட்டு. அது தாமதிக்கவே இல்லை. நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது.

19 ஜனவரி 2024, மாலை

சாம்பல் நிறத்தில் பூசணம் மூடிய காயைப் படம் எடுத்துத் தம்பி அனுப்பியிருக்கிறார். ஆண்பூதான், சந்தேகமே இல்லை. காம்பைப் பாருங்கள், தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் பருமன். பத்துக் கிலோ பழத்தைத் தாங்கப்போகிற காம்பு அப்படி இருக்காது.

வளர்ந்துவரும் பெண்பூ எப்படி இருக்கும்? காம்பு தடிமனாக, கிட்டத்தட்டச் சுண்டுவிரல் அளவு இருக்கும். காம்பும் பூவும் சேரும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று ஓடும். மேல்தோல் ஆரம்பத்திலேயே சொரசொரப்பாக, முள் எழும்பப் போகிறது என்று காட்டும். ஆண்பூவைத் தடவினால் வழுக்கும்.

பெண்பூ அடிமரத்திலும் பெருங்கிளையிலும்தான் வரும். கிளை நுனியில், இலைகளுக்கு நடுவே நிற்பது எல்லாமே ஆண். உங்கள் வீட்டில் அண்ணாந்து பார்த்தே பழகியிருப்பார்கள். குனிந்து, தரையிலிருந்து ஆள் உயரம்வரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மரத்தை ஒட்டிச் செடி எதுவும் இருந்தால் விலக்கிப் பாருங்கள்.

20 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். இன்று காலை என் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். சில ஆண்பூவிலும் மெல்லிய வளையம் தெரிகிறது. காம்பின் தடிமன்தான் நம்பகமான அடையாளம். இன்னொன்று, அடிமரத்தில் வருவதெல்லாம் பெண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிமரத்தில் ஆணும் வரும். நுனியில்தான் பெண் வராது.

22 ஜனவரி 2024

போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) அடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆண்பூ கறுப்பதற்காக அடிக்க வேண்டாம். காய்ந்து விழப்போகிற பூவுக்கு மருந்து எதற்கு?

எனக்கு இது வெறும் செலவுக் கணக்கு இல்லை. பலாவின் நெருங்கிய உறவுமரம் ஒன்று போர்னியோக் காடுகளில் உண்டு. அதை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியானது. அந்த மரத்தின் ஆண்பூவில் படரும் பூசணத்தைத் தின்னக் கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈ வருகிறது. அங்கேயே முட்டையும் இடுகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு பெண்பூவுக்கும் போகிறது. அந்த மரம் காய்ப்பதே இந்த ஈயால்தான். நம் பலாவிலும் அதே குடும்பத்து ஈ ஒன்று மகரந்தம் சுமப்பதாக, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள மரங்களைப் பார்த்து 2018 இல் எழுதினார்கள். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் மரத்தடியில் நின்றேன். நாம் அழுகல் என்று அருவருத்துக் கூட்டித் தள்ளுகிற அந்தக் கறுப்புதான் பழத்துக்கு வழி செய்கிறது.

ஆகவே கறுத்த ஆண்பூ மரத்தில் தொங்கினால் பறிக்காமல் விடுங்கள். தானாக விழுந்ததைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். கீழே குவிந்து கிடந்தால் அதே பூசணம் உண்மையான பிஞ்சுக்கும் தாவும்.

உண்மையான பிஞ்சு அழுகத் தொடங்கினால்தான் போர்டோ. நூறு கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். நூறு கிராம் சுண்ணாம்பை இன்னொரு ஐந்து லிட்டரில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி போதும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும்.

23 ஜனவரி 2024

ஒரு பலாப்பழத்தை அறுத்தால் தெரிவது என்ன? சுளை ஒவ்வொன்றும் ஒரு பூ. சுளைக்கு நடுவே நாம் பிய்த்து எறிகிற சடை இருக்கிறதே, அதெல்லாம் மகரந்தம் கிடைக்காமல் போன பூக்கள். பழம் ஒருபக்கம் புடைத்து ஒருபக்கம் ஒட்டிக் கோணலாக இருந்தால், ஒட்டிய பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் சேரவில்லை என்று பொருள். சந்தையில் பழம் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். கோணல் பழத்தில் சடை அதிகம், சுளை குறைவு.

ஈ வராது என்று பயந்தால், பொடி தெரியும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் மேல் சுற்றிலும் மெதுவாகத் தேய்க்கலாம். பெண்பூவின் மேல் மயிர்போல் மெல்லிய முடிகள் நீண்டு நிற்கும் சில நாட்கள்தான் அதற்கான நேரம். நான் 2020 இல் நான்கு பிஞ்சுக்குச் செய்தேன். நான்கும் உருண்டையாக வந்தன. செய்யாத பழங்களிலும் பாதி உருண்டையாகத்தான் வந்தன. அதனால் இதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

26 ஜனவரி 2024

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

இப்போது இருக்கும் வீடு ஒத்தக்கடைப் பக்கம். இதற்கு முன் இருந்த வீட்டில் 1998 இல் ஒரு பலாக் கொட்டை ஊன்றினேன். என் மூத்த மகள் வயிற்றில் இருந்த வருடம் அது. 2007 இல் பூத்தது. எல்லாம் கறுத்து விழுந்தது. 2008 இலும் அப்படியே. தென்னை ஏறுகிற ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ஆண் மரம் அம்மா, கடைசிவரை காய்க்காது" என்றார். வீட்டில் வெளிச்சம் மறைக்கிறது என்று ஏற்கனவே பேச்சு இருந்தது. 2009 பிப்ரவரியில் வெட்டச் சொல்லிவிட்டோம்.

அடிமரத்தை ஒட்டி ஒரு செம்பருத்திப் புதர் இருந்தது. மரம் சாய்ந்த பிறகு கட்டையைத் துண்டு போடுவதற்காக அந்தப் புதரைக் கழித்தார்கள். புதருக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு முழத்தில், இரண்டு பிஞ்சுகள். கட்டைவிரல் தடிமன் காம்பு. முள் எழும்பி எலுமிச்சை அளவுக்குப் பருத்திருந்தன. மாமியார்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் பறித்துப் போய்ப் பூசை அறையில் வைத்தார். ஒரு வாரம் அங்கேயே இருந்தன. காயும்வரை யாரும் எடுக்கவில்லை.

அந்த மரத்துக் கட்டையில் செய்த மணை இன்னும் வீட்டில் இருக்கிறது. நல்ல மஞ்சள். இத்தனை வருடத்தில் பழுப்பேறிவிட்டது. அதனால்தான் முதல் நாள் இரவு அப்படிப் பதறி எழுதினேன்.

27 ஜனவரி 2024

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் ஒரே பதில்: ஆறுதல் வேண்டாம், உங்கள் வீட்டுப் பலா மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள்.

2 பிப்ரவரி 2024

மேலூர்த் தம்பி அடிமரம் முழுக்கப் பார்த்துவிட்டாராம். பெண்பூ ஒன்றும் இல்லை. இந்த வருடம் ஆண்பூ மட்டும்தான். பரவாயில்லை, வரும். அப்பா ஒரு வருடம் பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். தென்னங்கன்றைப் பையோடு நிழலில் வைத்திருக்கிறார்கள்.

11 பிப்ரவரி 2024

"மதுரையில் பலா காய்க்காது" என்ற பேச்சுக்கு வருகிறேன். சிறுமலையில் காய்க்கிறது. நத்தம் பக்கம் காய்க்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு வட்டாரம் முழுக்கப் பலாத் தோப்பு. இவையெல்லாம் நமக்கு வெகுதூரம் இல்லை. ஆனால் மதுரைக்குள்ளேயே மண் இரண்டு விதம். யானைமலை, அழகர்மலை, மேலூர்ப் பக்கம் செம்மண், சரளை. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் போனால் கரிசல். செம்மண்ணில் பலா தன்பாட்டுக்கு வரும். கரிசலில் தண்ணீர் வடியாது. பலாவுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி வேரில் நிற்கும் தண்ணீர். திருமங்கலத்தில் என் நாத்தனார் வீட்டு மரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம் காலடியில் தண்ணீர் நின்றதற்கே இலை பழுத்து, அடுத்த மாதம் மொட்டையாகி, தை முடிவதற்குள் பட்டுப்போனது. ஆறு வருட மரம்.

கரிசல்காரர்கள் பலா வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மேட்டில் வையுங்கள். மூன்றடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து, தரையைவிட ஒன்றரை அடி உயரமாக மேடு கட்டி அதில் நடுங்கள். நீரோட்டமும் வடிகாலும் பார்த்த பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்.

13 பிப்ரவரி 2024

பரவையிலிருந்து ஓர் அம்மா: மாடித் தொட்டியில் பலா வருமா?

வராது. வந்தாலும் அது பலாவுக்குச் செய்கிற கொடுமை. மாடியில் எலுமிச்சை வையுங்கள், கொய்யா வையுங்கள்.

14 பிப்ரவரி 2024

பரவை அம்மாவிடம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. அவர் கேட்டது நாற்றங்கால்களில் விற்கும் வியட்நாம் சூப்பர் ஏர்லி ரகத்தைப் பற்றி. அதைப் பெரிய சிமெண்ட் உறையில் வைத்துக் காய் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். கடச்சனேந்தலில் தெரிந்தவர் வீட்டில் தரையில் வைத்து மூன்றாம் வருடம் காய்த்ததைக் கண்ணால் பார்த்தேன். சுளை தடிமனாக, நல்ல மஞ்சளாக இருந்தது. இனிப்பு நம் நாட்டு வருக்கைக்கு, அதாவது கெட்டிச் சுளைப் பலாவுக்கு, குறைவுதான், ஆனால் குறை சொல்ல முடியாது. மெல்லிய தண்டில் மூன்று பழத்தை விட்டிருந்தார்கள், மரம் வளைந்துபோய் நின்றது. முதல் காய்ப்பில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே எடுத்துப் பொரியல் செய்துவிட வேண்டும்.

தரையில் இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது பாலூர் 1. பண்ருட்டிக்கு அருகே பணிக்கன்குப்பத்து உள்ளூர் மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. ஒட்டுக்கன்றாக வாங்க வேண்டும். கொட்டை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. வருக்கையின் கொட்டையில், சுளை குழைந்துபோகும் கூழப்பழம் வருவது உண்டு.

கொட்டைதான் போடுவேன் என்கிறவர்கள் பழம் தின்ற கையோடு போடுங்கள். பலாக் கொட்டை உலர்ந்துவிட்டால் உயிர் போய்விடும், ஒரு மாதம் தாங்குவதே அதிகம். பையில் முளைக்கவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பிற்காலத்தில் காற்றுக்கு நிற்காது.

3 மார்ச் 2024

என் மரத்தில் இந்த வருடம் எண்ணியது இருபத்திரண்டு பிஞ்சு. 2011 இல் நட்டது, 2019 இல் முதல் காய். ஒரே காம்பில் மூன்று நான்காகத் தொங்குவதை ஒன்று அல்லது இரண்டாகக் குறைத்துவிட்டேன். எடுத்த பிஞ்சில் பொரியல். மாமியார் இருந்தபோது பலாப் பிஞ்சை வேகவைத்து, அரிவாள்மணையில் நாராக உதிர்த்து, தேங்காயும் பச்சைமிளகாயும் போட்டுத் தாளிப்பார். கையிலும் அரிவாளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொடவிட மாட்டார். பால் ஒட்டிவிட்டால் சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும்.

19 மார்ச் 2024

காய்க்காத மரத்தில் ஆணி அடி, பழைய செருப்பைக் கட்டு, அரிவாளால் கொத்து என்று ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். ஆணி அடித்த இடத்தில் பால் வடியும். துருவும் அழுகலும் உள்ளே போகும். உங்கள் அப்பாவும் தாத்தாவும் அடித்த பிறகு காய்த்தது என்றால், காய்க்கிற வயது வந்த வருடத்தில் அடித்திருப்பார்கள். எட்டாவது வருடத்தில் யாருக்கும் பொறுமை போய்விடுகிறது, மரமும் எட்டாவது வருடத்தில்தான் காய்க்கிறது.

அடிமரத்தில் வைக்கோல்பிரி சுற்றுவதை மட்டும் நான் தள்ளமாட்டேன். மாமியார் சுற்றுவார். அப்போது அதையும் மூடப்பழக்கம் என்றுதான் நினைத்தேன். போன இரண்டு கோடையில் நானே சுற்றிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் பட்டை வெடிப்பது நின்றுவிட்டது. காய்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள், வெயிலுக்கு அது நல்லது. மழைக்காலம் தொடங்குமுன் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறையான் ஏறும்.

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடியற்காலை போய்விட்டு வந்து மதியம் மரத்தடியில் பார்த்தால் மூன்று பிஞ்சு விழுந்து கிடக்கிறது. தேங்காய் அளவு. காம்பு வாடியிருக்கிறது. பூச்சி இல்லை, அழுகல் இல்லை. வெயில்தான். நான்கு நாள் தண்ணீர் விடவில்லை, கோவில், விருந்தாளி என்று இருந்துவிட்டேன். வளர்ந்த மரம் தாங்கும் என்று நினைப்பது மரத்தைப் பொறுத்தவரை சரி, காயைப் பொறுத்தவரை தவறு. சித்திரை, வைகாசியில் காய் பருக்கும்போது வாரம் இரண்டு தடவை, ஐந்தாறு குடம், அடிமரத்தை ஒட்டி இல்லாமல் கிளை நிழல் விழும் ஓரத்தில் வட்டப் பாத்தி எடுத்து ஊற்ற வேண்டும். பாத்தியில் காய்ந்த இலையைப் பரப்புங்கள். பலா இலையே போதும், வருடம் முழுக்க உதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க: ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். என் மரத்துக்கு அப்படி வந்தது. அரிசி, பருப்பு, காய் கழுவும் நீரைத் திருப்பிவிட்ட பிறகு குறைந்தது. துணி துவைத்த நீரைத் திருப்ப வேண்டாம்.

9 ஜூன் 2024

பழுத்ததை எப்படித் தெரிந்துகொள்வது? பலமுறை கேட்டுவிட்டீர்கள். காம்பில் பழத்துக்கு நெருக்கமாக இருக்கும் கடைசி இலை மஞ்சளாகும். முட்கள் கூர் மழுங்கி, ஒன்றுக்கொன்று விலகும். தட்டினால் முன்பு டண் என்று கேட்டது, இப்போது பொத்தென்று கேட்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் இறக்கிவிடுங்கள். வாசனை வரும்வரை மரத்தில் விட்டால் அணில் முந்திக்கொள்ளும். இறக்கும்போது காம்பில் கயிறு கட்டி, கயிற்றைக் கிளைமேல் போட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் அறுக்க வேண்டும். கீழே விழுந்த பழம் பழுக்காது, அடிபட்ட பக்கம் அழுகும். நின்ற வாக்கில் ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடினால் மூன்று நான்கு நாளில் வீடே மணக்கும்.

மாட்டுத்தாவணிப் பழச்சந்தையில் பண்ருட்டிப் பழம் மலைபோல் கிடக்கிறது. அதையும் வாங்கித் தின்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

30 ஜூன் 2024

காயில் ஓட்டை, ஓட்டை வாயில் எச்சம் தள்ளியிருந்தால் அது காய்த்துளைப்பான் புழு. இரண்டு காய் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் முதலில் நுழையும். அதனால்தான் மார்ச்சிலேயே குறைத்தேன். ஓட்டை விழுந்த காயைப் பறித்துத் தூரத்தில் புதையுங்கள். நல்ல காய்க்கு ஓட்டையிட்ட பழைய சாக்கு, பனையோலைக் கூடை, எதையாவது போட்டு மூடலாம்.

18 ஆகஸ்ட் 2024

மரம் வீட்டின்மேல் விழுந்துவிடாதா என்று ஒருவர். கஜா புயல் 2018 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் பலாத் தோப்புகளைச் சாய்த்ததை நேரில் போய்ப் பார்த்தவள் நான். ஐம்பது அறுபது வருட மரங்கள் வேரோடு கிடந்தன. முற்றத்தில் நின்று ஒரு பெரியவர் ஒவ்வொரு மரமாகக் கைகாட்டி, எந்த மரத்துப் பழம் எப்படி இனிக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் காற்றுக்கு எதுவுமே நிற்காது. நம் ஊர்க் கோடைமழைக் காற்றுக்குப் பலா நிற்கும், உயரத்தைக் கட்டுக்குள் வைத்தால். பழம் முடிந்த ஆடி, ஆவணியில் நடுக்குருத்தைப் பதினைந்தடியில் நிறுத்துங்கள். உள்பக்கம் நெருங்கிய சிறுகிளைகளைக் கழியுங்கள். அடிமரத்தில் பழக்காம்பு இருந்த கட்டைகளை மட்டும் ஒட்ட வெட்டாதீர்கள். அடுத்த பூ அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்த நுனியை மட்டும் எடுத்தால் போதும்.

சுவரிலிருந்து பதினைந்தடியாவது தள்ளி நடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

27 அக்டோபர் 2024

நேற்று முன்தினம் கொட்டிய மழை எல்லோருக்கும் தெரியும். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அவர்கள் இருக்கிற நிலையில் மரத்தைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் மேலூர்த் தம்பி இரவு அனுப்பிய படத்தில் அவருடைய பலா மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. தம்பி, இதைப் படித்த உடனே மண்வெட்டியை எடுங்கள். மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தாழ்வான பக்கம் திருப்புங்கள். கோடையில் எடுத்த வட்டப் பாத்தியை உடைத்துவிடுங்கள். நான்தான் பாத்தி எடுக்கச் சொன்னேன், மழைக்கு முன் உடைக்கச் சொல்லவில்லை. அது என் தவறு.

28 அக்டோபர் 2024

வடிந்துவிட்டதாம். அப்பாவே வெட்டினாராம்.

15 டிசம்பர் 2024

ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது. இலை பழுக்கவில்லை, நுனியில் புதுத் துளிர் வந்திருக்கிறது என்கிறார். தப்பித்தது.

எருவைப் பற்றி இரண்டு வரி. மழை நின்றதும் காய்க்கிற மரத்துக்கு ஐம்பது கிலோ தொழுவுரம், சாம்பல் கொஞ்சம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், பூ வராது.

6 பிப்ரவரி 2025

வந்துவிட்டது! மேலூர் மரத்தில் மூன்று பெண்பூ. இரண்டு இடுப்பு உயரத்தில், ஒன்று முதல் கிளைப் பிரிவில். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பு அத்தனை தடிமன். மூன்றும் பெண்தான், நான் பொறுப்பு.

2 மார்ச் 2025

ஒன்று போய்விட்டது. இது உண்மையான அழுகல். காம்புப் பக்கமிருந்து பழுப்பாகி, மென்மையாகி, பூசணம் படர்ந்திருக்கிறது. பிஞ்சு அழுகினால் போர்டோ என்று போன வருடம் எழுதியதை இப்போது செய்ய வேண்டும். அழுகியதைப் பறித்து அப்புறப்படுத்திவிட்டு, மற்ற இரண்டின் மீதும் அடிமரத்தின் மீதும் தெளியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கே வருத்தமாக இருக்கிறது.

13 மே 2025

இரண்டில் ஒன்றில் துளைப்பான். கிளைப் பிரிவில் இருந்தது, சாக்குக் கட்ட ஏணி எட்டவில்லையாம். இடுப்பு உயரத்தில் ஒன்றுதான் மிச்சம். தம்பியின் அம்மா பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். படத்தில் அந்தச் சேலைக்கரை தெரிகிறது.

22 ஜூன் 2025

இறக்கிவிட்டார்கள். ஒன்பது கிலோ. ஒருபக்கம் கொஞ்சம் கோணல். நேற்று அறுத்தார்களாம். வருக்கை. சுளை கெட்டி, கொட்டை நாற்பத்து மூன்று, அப்பா எண்ணியிருக்கிறார். பத்துக் கொட்டையை எனக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார்கள். பழைய வீட்டை இப்போது வாங்கியிருப்பவர்கள் பின்பக்கம் மரம் வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டேன், இரண்டு கொட்டை அங்கே ஊன்றப்போகிறேன். உலர்வதற்குள் ஊன்ற வேண்டும்.

24 ஜூன் 2025

அந்தத் தென்னங்கன்று என்ன ஆனது என்று பரவை அம்மா கேட்டிருக்கிறார். நானும் கேட்டேன். போன ஆவணியிலேயே கிணற்றடியில் நட்டுவிட்டார்களாம். பலாவுக்கும் அதற்கும் எத்தனை அடி என்று கேட்டேன். அளந்து சொன்னார், இருபத்தாறு. போதும்.